தெற்குக் கயிறு

வெயிலம்மையிடம் கேள்வி கேட்பது லேசான காரியமில்லை. கேட்கிறவர் முதலில் ஒரு பாடு வலை இழுக்க வேண்டும். கடலில் வளைத்துப் போட்ட கரைவலையை, மணலில் நின்று கயிறு பிடித்து, கரை சேரும்வரை இழுக்க வேண்டும். மந்திரி வந்தாலும் இதுதான், மாடு மேய்க்கிறவர் வந்தாலும் இதுதான்.

ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. ஞானம் தேடி ஆட்கள் வரும்வரை வலைக்கு ஆள் பஞ்சம் வராது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு இழுத்து முடித்ததும் கேள்வியே மறந்துவிடும். தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்வார்கள்.

நான் அந்த மடத்தில் கஞ்சி காய்ச்சுகிறவன். மடம் என்றதும் கோபுரம், குளம் என்று நினைக்க வேண்டாம். கடற்கரையில் ஓடு போட்ட இரண்டு அறைகள், அவ்வளவுதான். வெயிலம்மைக்கு அப்போது ஐம்பது வயது. சாந்தமே உருவானவர் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்கள்.

கோமதிநாயகம் அவருடைய சீடர். குருவை விடப் பதின்மூன்று வயது மூத்த சீடர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தேர்தலில் டெபாசிட் பறிபோய், கட்சிக்காரர்கள் கைவிட்டு, நாற்பது நாள் மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டு கிடந்தவர். இப்போது அவர் கட்சிதான் மாநிலத்திலேயே பெரிய கட்சி. எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பேரவையில் நூற்றுப் பத்து இடம். ஆட்சி அமைக்க ஐம்பத்தாறு வேண்டும். அவர் கட்சிக்குக் கிடைத்தது ஐம்பத்திரண்டு. கடலோரத்தில் பிரகாசி என்ற பெண் நடத்தும் சின்னக் கட்சிக்கு ஆறு. மிச்சமெல்லாம் அவர் முகத்தில் விழிக்காத இரண்டு கட்சிகளிடம் இருந்தது.

அன்று காலை பதினொரு கார்களில் வந்து இறங்கினார். பின்னால் இருபது இருபத்தைந்து கட்சிக்காரர்கள், எல்லாரும் வாட்டசாட்டமான ஆட்கள். வெயிலம்மை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன வே, படையெடுத்து வந்திருக்கீரு?"

"கட்சிக்காரங்க அம்மை. தனியா விட மாட்டேங்காங்க."

"சரி, போய் வலையப் பிடியும். வலைக்காரத் தொம்மை இப்பதான் வள்ளத்த எறக்குதாரு."

"கேள்விய மட்டும் மொதல்ல கேட்டுக்கிடுதேன். பதில பொறவு சொல்லுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஆளுநர்கிட்ட பட்டியல் குடுக்கணும். நேரமில்ல."

"கேளும்."

"அம்பத்திரண்டு பேரு ஏன் ஆறு பேரு கால்ல விழணும்?"

கேட்கும்போதே அவர் மூக்கு விடைத்தது. வெயிலம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விழச் சொன்னது யாரு?"

"பிரகாசிதான். நேத்து மொளச்ச கட்சி. இதே கரையில கயிறு இழுத்துக்கிட்டுக் கெடந்த பொம்பள. இன்னைக்கு எனக்கு நிபந்தனை போடுதா."

"என்ன நிபந்தனை?"

"மீன்துறை வேணுமாம். அதக்கூடத் தொலையுதுன்னு குடுத்துரலாம். இந்தக் கரையில நிலக்கரி எறங்குதுறை கட்டப் போறோம்லா, ஊர்க்காரங்களக் கூப்பிட்டுக் கேக்காம கடலுக்குள்ள ஒத்தக் கல்லு விழக்கூடாதாம். அத எழுதிக் குடுக்கணுமாம். எழுதி! என் வாய்வார்த்தைய நம்ப மாட்டாளாம்."

"நானும்தான் நம்ப மாட்டேன்."

பின்னால் நின்ற கட்சிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, அவசரமாக இருமினார். கோமதிநாயகம் திரும்பிப் பார்த்த பார்வையில் இருமலும் நின்றுபோனது.

"எறங்குதுறை வந்தா மின்சாரம் வரும், வேலை வரும். மாநிலம் பூரா அதச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். மக்கள் எங்களத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க அம்மை."

"நூறு பேருல எத்தன பேரு?"

"முப்பத்தியெட்டு."

"மிச்ச அறுபத்திரண்டு பேரும் செத்தா போனாவ?"

வெயிலம்மை அதோடு விடவில்லை.

"பேரவையில பாதிக்கு மேல ஏன் உமக்குக் குடுக்கல? மறந்துட்டாவளோ?"

"ஓட்டு செதறிப் போச்சி."

"அவனவன் ஓட்ட அவனவன் இஷ்டத்துக்குப் போட்டிருக்கான். உமக்கு விழாட்டா அது செதறலா?"

கோமதிநாயகத்தின் செயலாளர் பூதலிங்கம் முன்னால் வந்தார். அவருக்குக் குருவும் தெரியாது, சீடரும் தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும்.

"அதுக்கெல்லாம் அவசியமே இல்லம்மா. ஆறு பேருல நாலு பேருகிட்ட பேசி முடிச்சாச்சி. டவுன்ல விடுதியில இருக்காவ. மூணுல ரெண்டு பங்கு ஆளு சேந்து இங்க வந்தா, சட்டப்படி பதவிக்கு ஆபத்தில்ல. நம்ம அம்பத்திரண்டு, அவுக நாலு, அம்பத்தாறு ஆச்சி. பிரகாசி மிச்சமுள்ள ஒத்த ஆள வச்சிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அண்ணாச்சி சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொன்னாப் போதும்."

"எல்லாம் முடிஞ்சிட்டா, உங்க அண்ணாச்சி இங்க எதுக்கு வந்தாரு?"

பூதலிங்கம் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மணலைப் பார்த்தார்.

"வலையப் பிடிச்சிட்டு வாரும்," என்றார் வெயிலம்மை.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வலையின் ஒரு முனைக் கயிறு கரையில் தெற்கே இருக்கும். வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய், அரைவட்டமாக இறக்கிக்கொண்டே வந்து, மறுமுனைக் கயிற்றை வடக்கே கரையில் கொண்டுவந்து கொடுக்கும். நடுவில் மீன் சேர்கிற பை இருக்கும். அதற்கு மடி என்று பெயர். வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க வலை நெருங்கும். இழுக்கிறவர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். கடைசியில் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும்.

அன்று வடக்கே ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் நின்றார்கள். தெற்கே பத்துப் பேர். நாலு இளவட்டங்கள், நாலு பெண்கள், ஒரு கிழவர், அப்புறம் நான். தெற்குப் பக்கம் எப்போதும் ஆள் குறைவுதான். அங்கே பாறை உண்டு, நின்று இழுப்பது சிரமம். அதனால் மடத்து ஆள் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது வெயிலம்மையின் உத்தரவு. பதினாலு வருஷமாக எனக்கு அந்த உத்தரவின் மேல் கடுப்பு உண்டு.

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வடக்கே போனார். கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள். தலைவர் நிற்கிற பக்கம்தானே தொண்டர் நிற்பார். ஒருவராவது தெற்கே திரும்பிப் பார்க்க வேண்டுமே.

வலையின் சொந்தக்காரர் தொம்மை நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றார். கையில் சிவப்புத் துண்டு. துண்டை எந்தப் பக்கம் நீட்டுகிறாரோ, அந்தப் பக்கம் இழுப்பதை நிறுத்த வேண்டும். மற்றப் பக்கம் சரிக்குச் சரியாக வந்தபின் துண்டை இறக்குவார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். இழுப்பதற்கு முன் இதைக் கட்சிக்காரர்களுக்கு இரண்டு தரம் சொன்னார்.

முதல் பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அப்புறம் கட்சிக்காரர்களுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ஒருத்தன் தலைவருக்கு வாழ்க சொன்னான். இன்னொருத்தன் அதற்கு மேல் குரல் கொடுத்தான். ஒவ்வொரு வாழ்கவுக்கும் ஒரு இழுப்பு. வடக்குக் கயிறு சரசரவென்று மணலில் குவிந்தது. எங்கள் கயிறோ எங்களையே கடலுக்குள் இழுத்தது.

தொம்மை துண்டை வடக்கே நீட்டினார். ஊர்க்காரர்கள் நிறுத்தினார்கள், கட்சிக்காரர்களில் யாரும் நிறுத்தவில்லை.

"நிப்பாட்டுங்கய்யா! தெக்க கயிறு வரல!"

கோமதிநாயகத்துக்கு அது கேட்டது. அவருக்குக் கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். தெற்கே எங்களைப் பார்த்தார். பெண்களும் கிழவரும் கால் வழுக்கித் தடுமாறுவதைப் பார்த்தார். தேர்தலை எத்தனை தரம் பார்த்த மனிதர்! நிலைமை சட்டென்று புரிந்துவிட்டது அவருக்கு. புரிந்துகொண்டு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் பக்கமிருந்த நாலு இளவட்டங்களையும் கை காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பிகளா, அங்க என்ன செய்யுதீங்க? இங்க வாங்க. எல்லாரும் ஒரே பக்கம் பிடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாளைக்கு முதலமைச்சராகப் போகிறவர் பெயர் சொல்லாமல் கூப்பிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதானே. கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். போகிறபோது வில்பிரட் என்கிறவன் என்னைப் பார்த்து, "நீங்க பாத்துக்கிடுங்க அண்ணே" என்றான். அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. கயிற்றை விட முடியாததால் தப்பித்தான்.

மிச்சம் ஆறு பேர். எங்களால் இழுக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் முடியவில்லை. கயிறு கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. கிழவர் மல்லாக்க விழுந்தார். வலை வடக்கே சாய்ந்து, அடிக்கயிறு தரையை விட்டு மேலே எழும்பியது. தெற்கே ஒரு வாசல் திறந்துவிட்டது. கூட்டமாக நின்ற மீன் அந்த வழியே போவதைக் கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தோம். தண்ணீர் வெள்ளியாகக் கொதித்தது, அடங்கியது.

வடக்கே வெற்றி முழக்கம். சொன்னபடி வலை அஞ்சு நிமிஷத்தில் கரைக்கு வந்துவிட்டது. மடியை அவிழ்த்தார்கள். உள்ளே பாசியும், வழவழத்த சொறிமீனும், கையளவு பொடிமீனும் கிடந்தன.

தொம்மை தண்ணீரிலிருந்து வந்தார்.

"துண்ட நீட்டினேன், பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்," என்றார் கோமதிநாயகம்.

"பாத்துட்டு?"

"அவங்களால இழுக்க முடியல. அதான் ஆள இந்தப் பக்கம்..."

"தெக்க ஆளு தடுமாறுனா வடக்க நிறுத்தணும்! ஆளக் கூட்டிட்டு வாறதுக்கு இது என்ன, ஒம்ம ஊர்வலமா? வாழ்க போட்டா மீனு வருமாவே?"

பூதலிங்கம் பாய்ந்து வந்தார். "யாருகிட்ட பேசுத, தெரியுதா?"

"தெரியும்ல. முப்பது வீட்டுக் கஞ்சியக் கடல்ல கொட்டுன ஆளுகிட்டப் பேசுதேன்!"

ஊர்க்காரர்கள் சுற்றி வந்துவிட்டார்கள். கட்சிக்காரர்களும் தோளை உயர்த்திக்கொண்டு வந்தார்கள். கைகலப்பு ஆகியிருக்கும். கோமதிநாயகம்தான் கையை உயர்த்தித் தன் ஆட்களைத் தடுத்தார். "இதுக்கு ஆன நஷ்டத்த நான் குடுத்துருதேன்" என்றார்.

"உம்ம காசு யாருக்கு வேணும்?" என்று ஒரு பெண் கத்தினாள். அவளுக்கு இரண்டு உள்ளங்கையும் உரிந்து ரத்தம் கசிந்தது. "கண்ணு முன்னால கெடந்த மீன ஓட்டிட்டு, காசு குடுக்காராம்!"

அவர் முகம் சிவந்துபோனது. நேரே மடத்துக்கு நடந்தார். விழுந்த கிழவரைத் தாங்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

வெயிலம்மை எல்லாவற்றையும் வாசலிலிருந்தே பார்த்திருக்கிறார். கீரையை ஆய்ந்து முடித்திருந்தார்.

"உங்களுக்கு இது இப்படித்தான் ஆவும்னு தெரியும்லா?" கோமதிநாயகம் சத்தம் போட்டார். குருவிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? ஊருக்கு முன்னால அவமானப்படுத்தத்தான் அனுப்பினீங்களா?"

"ரெண்டு தரம் தொம்மை சொன்னாரு. பொறவு துண்டக் காட்டினாரு. பொறவு கத்தினாரு. நான் வேற வந்து சொல்லணுமா?"

"எங்கிட்ட ஆள் பலம் இருந்தது அம்மை."

"இருந்தது. மீனு எங்க?"

கோமதிநாயகம் கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, அந்த ஆறு பேரு என்ன யோக்கியமா?" என்று மறுபடி ஆரம்பித்தார். "பிரகாசி கட்சியில நாலு பேரு விலகி வாறதுக்குத் தயாரா உக்காந்திருக்கான். பதவின்னா நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வாறான். இந்த மாதிரி ஆளுங்கள நம்பி ஒரு அரசாங்கமா?"

"யோக்கியம்னு நான் எப்பச் சொன்னேன்?"

"பின்ன?"

"வள்ளம் திரும்பப் போவுது. மத்தியானப் பாடு. இந்தத் தடவ தெக்க போய் நில்லும். உம்ம ஆளுங்க வடக்கேயே நிக்கட்டும்."

"நான் ஒரு பாடு இழுத்தாச்சி. அதுதான உங்க வழக்கம்?"

"நீரு எங்கவே இழுத்தீரு? கெடுத்தீரு."

அவர் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். காரில் ஏறி, டவுனுக்குப் போய், கையெழுத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் மாலையோடு நிற்பார் என்று நினைத்தேன். பூதலிங்கம் கார்க் கதவைத் திறந்தே வைத்திருந்தார். கோமதிநாயகம் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, தெற்கே நடந்தார்.

தெற்குப் பாறையில் அவருக்கு நிற்கவே தெரியவில்லை. உரிந்த கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண் அவருக்குக் காலை எங்கே ஊன்றுவது என்று காட்டிக்கொடுத்தாள். அன்பாகக் காட்டினாள் என்று சொல்ல மாட்டேன்.

நாலு இளவட்டங்களும் திரும்பி வந்தார்கள். வந்தவர்களுக்கு நடையே மாறியிருந்தது.

"இப்பவாவது எங்க அருமை தெரிஞ்சதா?" என்று வில்பிரட் கயிற்றைப் பிடிக்காமல் நின்றான். "டீ வந்தாத்தான் இழுப்போம்."

"பிடிக்கப் போறியா, இல்ல பாறையில தூக்கி அடிக்கட்டுமா?" என்று தொம்மை அங்கிருந்தே கத்தினார். தெற்கே நிற்கிறவர்கள் எல்லாரும் ஏழைகள், அதனால் நல்லவர்கள் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். ஆள் குறைந்த பக்கம் நிற்கிறவனுக்கும் திமிர் வரும். வந்தது. டீயும் வந்தது. குடித்துவிட்டுத்தான் இழுத்தான்.

வலை இறங்கியது. கயிறு இறுகியது.

வடக்கே கட்சிக்காரர்கள் இருபது பேருக்கும் ரோஷம். காலையில் பட்ட அவமானத்தைக் கயிற்றின் மேல் காட்டினார்கள். இந்த முறை வாழ்க இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். எங்கள் கயிறு தோளைப் பிய்த்தது. கோமதிநாயகம் இரண்டு தரம் முன்னால் விழப்போனார். மூன்றாம் தரம் விழுந்தே விட்டார். முழங்கால் பாறையில் இடித்தது. எழுந்து கயிற்றை மறுபடி பிடித்தபோது வடக்கே தன் ஆட்களைப் பார்த்தார்.

"ஏல! நிறுத்துங்கல!"

அவர்களுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி இருந்தார்கள்.

"கண்ணு தெரியலையால? இங்க மனுசன் நிக்கது தெரியலையா? தொம்மை துண்டப் பாருங்கல, மடப்பயலுவளா!"

அந்தக் குரலில் இருந்த ஆத்திரம் மேடையில் அவர் காட்டுகிற ஆத்திரம் இல்லை. தொண்டை கிழிந்து வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்திலிருந்த பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில நாங்களும் இப்படித்தான் கத்தினோம்" என்றாள்.

அப்புறம்தான் வடக்கே இழுப்பதை நிறுத்தினார்கள். பிடித்த கயிறு பிடித்தபடி, இழுக்காமல், வெயிலில் சும்மா நின்றார்கள். பலசாலிகளுக்குச் சும்மா நிற்பதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. பூதலிங்கமும் கடைசியில் வந்து கயிற்றைப் பிடித்திருந்தார். நிற்கப் பொறுக்காமல் அவர் கால் மாற்றி மாற்றி வைப்பது இங்கிருந்தே தெரிந்தது. நாங்கள் அங்குலம் அங்குலமாகக் கயிற்றைச் சேர்த்துக்கொண்டு வந்தோம். தொம்மை துண்டை இறக்கினார். அவர்கள் இழுத்தார்கள். மறுபடி துண்டு. மறுபடி நின்றார்கள். ஒரு தரம் எங்கள் பக்கமும் துண்டு நீண்டது, வில்பிரட் காரணமில்லாமல் வீரம் காட்டியதால். அவனைத் திட்டுகிற பொறுப்பைக் கோமதிநாயகமே எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி நேரம் ஆனது. வலை கரைக்கு வந்தபோது வடக்கு, தெற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றோம். மடியில் மீன் இருந்தது. பெரிய அதிசயமெல்லாம் இல்லை. முப்பது வீட்டுக்கு அன்றைய குழம்புக்கும், சந்தைக்கு நாலு கூடைக்கும் ஆகும். காலையில் தப்பிப் போனதில் பாதிகூட இருக்காது. தொம்மை அதைச் சொல்லிக்காட்டத் தவறவில்லை.

வெயிலம்மை கஞ்சிப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு மணலுக்கு வந்திருந்தார். கோமதிநாயகம் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது.

பூதலிங்கம் செல்போனோடு குனிந்தார். "அண்ணாச்சி, நாலு பேரும் கேட்டுக்கிட்டே இருக்காவ. இனியும் தாமதிச்சா எதிர்க்கட்சிக்காரன் தூக்கிட்டுப் போயிருவான். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லு."

"அண்ணாச்சி!"

"பிரகாசிகிட்ட திரும்பிப் போகச் சொல்லுல. கேக்கல?"

"அவ எழுதிக் கேப்பா அண்ணாச்சி. இன்னைக்கு எறங்குதுறைன்னுவா, நாளைக்கு வேற ஒண்ணும்பா. நம்ம ஆளுங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? அம்பத்திரண்டு பேரையும் செயிக்க வச்சவன் என்னத்துக்கு..."

"போல!"

பூதலிங்கம் தள்ளிப்போய்ப் போனில் பேசினார். அவர் முதுகைப் பார்த்தாலே அவருக்கு எவ்வளவு கோபம் என்று தெரிந்தது. தவறு சொல்ல முடியாது. பத்து வருஷமாக ஊர் ஊராக அலைந்து அந்த ஐம்பத்திரண்டைச் சேர்த்தவர் அவர்தான்.

கோமதிநாயகம் கஞ்சியைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"பிரகாசி வீடு எந்தத் தெருவு?"

"கோயிலுக்குப் பின்னால. ரெண்டாவது."

"நானே போகணுமா? கூப்பிட்டு விட்டா வர மாட்டாளா?"

"வருவா. உமக்குத்தான் அவ தேவ. நீரு போவீரா, அவ வருவாளாங்கது உம்ம இஷ்டம்."

அவர் எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். நாலு அடி நடந்தார். நின்றார். திரும்பி வந்தார். அந்த முகத்தில் காலையில் பார்த்த கோபத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சமிருந்தது. பயமும் சேர்ந்திருந்தது.

"எழுதிக் குடுத்துருதேன் அம்மை. மீன்துறையும் குடுக்கேன். பதவியேத்துக்கிடுதேன். ஆனா அவ என்னைக்கு நெனச்சாலும், ஒரே ஒரு கடிதாசியில என்னக் கவுத்துரலாம்லா?"

"கவுத்துரலாம்."

"காலையில எந்திரிச்சா இன்னைக்கு அவ என்ன சொல்லப் போறாளோன்னு பாக்கணும். ஒரு சட்டம் போடணும்னா அவ மொகத்தப் பாக்கணும். அந்த ஊர்க்காரன் என்ன சொல்லுதான், இந்தத் தெருக்காரன் என்ன சொல்லுதான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். அஞ்சு வருசமும் இப்படியே ஓடும். நான் எப்படி அம்மை நிம்மதியா ஆள்றது?"

வெயிலம்மை கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அகப்பையைப் பானைக்குள் போட்டார்.

"நிம்மதியாவா?" என்றார். "உம்ம நிம்மதியா ஆளச் சொல்லி எவன் வே ஓட்டுப் போட்டான்?"